உடன்படிக்கையில் என் பெயர் வரும் இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. இதையே உங்கள் முன்னால் உட்கார்ந்து சொல்லச் சொன்னால், முதல் வாக்கியத்தைத் தாண்டவே நேரம் பிடிக்கும். எனக்குத் திக்குவாய்.

வயது 27. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமம். அப்பா சபையில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். நான்கு வயதில் திக்கத் தொடங்கியது என்று அம்மா சொல்வார்கள். நாக்கில் வசம்பு உரசித் தடவினார்கள், தேன் கொடுத்தார்கள், சரியாகவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பெயரையே மறந்துவிட்டு ‘கொன்னவாய்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

‘க’தான் எனக்குப் பெரிய மலை. என் பெயர் தொடங்குவதும் அந்த எழுத்தில்தான். வேறு வார்த்தை என்றால் மாற்றிச் சொல்லித் தப்பித்துவிடுவேன். ‘கணக்கு’ என்று வரவேண்டிய இடத்தில் ‘அக்கவுண்ட்ஸ்’ என்பேன். கயத்தாறில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்குப் போக, ஊர் பெயர் வாயில் வராமல் சாத்தூருக்கு டிக்கெட் எடுத்து நடுவில் இறங்கியிருக்கிறேன். எனக்குக் காபிதான் பிடிக்கும். ஆனால் கடையில் எப்போதும் டீதான் கேட்பேன். பெயரை மட்டும் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

கோவிலில் ஒரு விசித்திரம் நடக்கும். எல்லோரும் சேர்ந்து, எங்கள் விசுவாச அறிக்கையான விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லும்போது எனக்கு ஓர் எழுத்துகூடத் தடங்காது. பாடகர் குழுவில் பத்து வருடமாகப் பாடுகிறேன், ஒரு நாளும் திக்கியதில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஜெபித்தாலும் திக்காது. ஆனால் சென்ற லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலத்தில், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் பாடம் வாசிக்கச் சொன்னார்கள். ‘கர்த்தர்’ என்ற வார்த்தையில் நின்றுவிட்டேன். மைக்கில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் இருந்த அக்கா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி வாசித்து முடித்தார்கள். கர்த்தரின் பெயரைக்கூடச் சொல்ல முடியாதவள் என்ன விசுவாசி என்று அன்று இரவெல்லாம் அழுதேன்.

அதைவிட மோசமானது இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டு உபவாச ஜெபத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியக்காரர் என் தலையில் கைவைத்து, இது ஊமையான ஆவி என்றார். எல்லோர் முன்னாலும் மைக்கை வாயருகே பிடித்து, என் பெயரைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். வரவில்லை. மூன்று முறை முயன்றேன். ‘தங்கச்சிக்கு விசுவாசம் குறைவு, அதான் ஆவி போக மாட்டேங்குது’ என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அம்மா வேதாகமத்தில் ஏசாயா 32:4-ஐ சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ‘தெற்றுவாயருடைய நாவு தடையின்றித் தெளிவாய்ப்பேசும்.’ எனக்காக வாங்கிய வாக்குத்தத்தம் அது. எங்கள் வீட்டுச் சுவரில் இன்னொரு வசனம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கிற திடப்படுத்தலின்போது எனக்குக் கொடுத்தது: ‘நீங்களும் பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்.’ அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறு யாருக்கோ எழுதியது போலத் தோன்றுகிறது.

இப்போது ஜனவரி கடைசியில் எனக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று தலையை ஆட்டியே சமாளித்துவிட்டேன். அவருக்கு என் திக்குவாய் தெரியாது. போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டேன், வாட்ஸப்பில் பக்கம் பக்கமாக எழுதுவேன். ‘எழுத்துல இவ்வளவு பேசுற, நேர்ல ஏன் இப்படி?’ என்று கேட்டார். வெட்கம் என்று எழுதினேன். ‘கல்யாணம் முடியட்டும், அதுக்குள்ள கர்த்தர் அற்புதம் செய்வார், நீ வாயைத் திறக்காதே’ என்கிறார்கள் அம்மா.

ஆனால் கல்யாண உடன்படிக்கையை நானே சொல்ல வேண்டுமே அக்கா. போதகரான ஐயர் சொல்லச் சொல்ல, என் பெயரைச் சொல்லி, ‘ஆகிய நான்’ என்று தொடங்க வேண்டும். கோவில் நிறைய ஜனம், மைக், வீடியோ. அந்த ‘க’வில் நான் நின்றுவிட்டால்? இத்தனை ஜெபத்துக்கும் ஆண்டவர் ஏன் பதில் தரவில்லை? என்னிடம்தான் ஏதோ சரியில்லையா?

இப்படிக்கு,
பெயரைச் சொல்ல முடியாத ஒரு வாசகி


அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த காபிதான். மேடையில் நின்றது, மைக்கில் மூச்சு கேட்டது எல்லாம் வருடத்தில் ஓரிரு முறை நடக்கிற சங்கதிகள். பிடித்த காபியை விட்டுவிட்டு டீ வாங்கிக் குடிப்பது தினமும் நடக்கிறது. இத்தனை வருடத்தில் எத்தனை டீ குடித்திருப்பீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஜோசப் ஷீஹன் என்று அமெரிக்காவில் ஓர் உளவியல் அறிஞர் இருந்தார். அவருக்கே திக்குவாய் உண்டு. திக்குவாய் ஒரு பனிப்பாறை மாதிரி என்று அவர் சொல்வார். வெளியே கேட்கிற திக்கல் தண்ணீருக்கு மேலே தெரிகிற சின்ன நுனி. அடியில் இருப்பதுதான் பெரிது: பயம், வெட்கம், குற்ற உணர்வு, மறைப்பதற்காகப் போடுகிற திட்டங்கள். நீங்கள் மறைப்பதில் கெட்டிக்காரி ஆகிவிட்டதால், நுனிகூட வெளியே தெரிவதில்லை. பாறை முழுவதையும் நீங்கள் ஒருவரே தண்ணீருக்கடியில் சுமக்கிறீர்கள்.

முதலில் திக்குவாய் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாரும் இதை உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று தெரிகிறது. பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் இது தொடங்கும். நிறையக் குழந்தைகளுக்குத் தானாகவே போய்விடும், சிலருக்குத் தங்கிவிடும். பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது. ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களுக்குக் குறைவு. அதனால்தான் உங்களைப் போன்ற இன்னொரு பெண்ணை நீங்கள் பார்த்ததே இல்லையோ என்னவோ. குடும்ப வழியாக வருவது உண்டு. பேச்சுக்குத் தேவையான அசைவுகளை எந்த நொடியில் தொடங்குவது, எந்த நொடியில் அடுத்ததற்குப் போவது என்று மூளை வகுக்கிற நேரக் கணக்கில் இருக்கிற ஒரு வித்தியாசம் இது. அம்மா பயமுறுத்தியதால் வரவில்லை, வசம்பு போதாமல் நிற்கவில்லை. பயம் இதைக் கூட்டும், ஆனால் இதை உண்டாக்கியது பயம் இல்லை.

கோவிலில் நடக்கிற விசித்திரம் என்று நீங்கள் எழுதியது, திக்குவாய் உள்ள பெரும்பாலோருக்கும் நடப்பது. பலர் சேர்ந்து ஒரே வார்த்தைகளைச் சொல்லும்போதும், பாடும்போதும், தனிமையில் பேசும்போதும் திக்கல் கிட்டத்தட்ட மறைந்துபோகும். சேர்ந்து சொல்லும்போது எப்போது தொடங்குவது என்ற வேலையைச் சபையின் குரல் ஏற்றுக்கொள்கிறது. பாட்டில் தாளம் ஏற்றுக்கொள்கிறது. தனிமையில் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. ஆவி இதில் எங்கேயும் இல்லை. இருந்தால் விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது மட்டும் லீவு எடுத்துக்கொண்டு போகுமா? நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். இத்தனை வருடமாக மற்றவர்கள் முன்னால் உங்கள் நாக்கு தடையில்லாமல் ஓடிய இடம் சபை ஒன்றாகச் சேர்ந்து தொழுகிற இடம்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாண நாளுக்கு உதவும்.

அப்புறம் அந்த உபவாச ஜெபம். அன்று நடந்தது தவறு. அவர் நல்ல எண்ணத்தோடு செய்திருக்கலாம், அதனால் தவறு தவறில்லாமல் போகாது. மாற்கு 7-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கொன்னைவாயுடைய ஒரு செவிடனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். ஆம், உங்களைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட அதே வார்த்தைதான் நம் வேதாகமத்தில் இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவே நிறுத்தி அவனைப் பேசிக் காட்டச் சொல்லவில்லை அவர். ‘ஜனக்கூட்டத்தைவிட்டுத் தனியே’ அழைத்துக்கொண்டு போகிறார். காது கேட்காதவனுக்குப் புரியும்படி, விரலைக் காதில் வைத்து, நாவைத் தொட்டு, வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அவனுடைய விசுவாசம் எவ்வளவு என்று ஒரு கேள்வி இல்லை. ஆவி என்ற பேச்சே அந்தச் சம்பவத்தில் வரவில்லை. ஊமையான ஆவி வருவது 9-ஆம் அதிகாரத்தில், அது வேறு ஒரு பையனின் கதை. வேடிக்கை பார்க்கிற கண்களிலிருந்து அந்த மனிதனை முதலில் அவர் காப்பாற்றினார். உங்கள் வாயருகே மைக்கைப் பிடித்தவர் இந்த வசனத்தை வாசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

‘அவன் குணமானானே, நான் ஆகவில்லையே’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு இதற்கு முழு விடை தெரியும் என்று சொன்னால் அது பொய். ஆனால் குணமாகாதது விசுவாசக் குறைவின் அடையாளம் என்ற கணக்கு வேதத்தில் செல்லாது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று எந்த மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மோசேயின் கதை உங்களுக்குத் தெரியும். ‘நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தவர். உங்களைப் போலவே அவரும் டீ வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டியவர். அவருடைய நாவு அன்றே சரியாகிவிட்டது என்று அங்கே எழுதவில்லை. ‘மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார்?’ என்று கர்த்தர் கேட்கிறார், ‘நான் உன் வாயோடே இருந்து, நீ பேசவேண்டியதை உனக்குப் போதிப்பேன்’ என்கிறார். மோசே அப்போதும் மறுக்கும்போது கோபப்படுகிறார், ஆனாலும் ஆரோனைத் துணைக்குக் கொடுக்கிறார். நான் பல வருடம் கவனிக்காமல் வாசித்துப்போன ஒன்று இங்கே இருக்கிறது. நன்றாகப் பேசத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிய அந்த ஆரோன்தான் பிறகு சீனாய் மலையடிவாரத்தில் ஜனங்களுக்குப் பொன் கன்றுக்குட்டி செய்து கொடுத்தான். அந்த நேரத்தில் மலைமேல் நாற்பது நாள் கர்த்தரோடு இருந்தது திக்குவாய்க்காரர். ஸ்தேவான் பல நூற்றாண்டுகள் கழித்து மோசேயைப் பற்றிச் சொல்லும்போது, ‘வாக்கிலும் செய்கையிலும் வல்லவன்’ என்கிறான். மோசே தன்னைப் பற்றிச் சொன்னதும் உண்மை, ஸ்தேவான் சொன்னதும் உண்மை. ஒரே ஆளைப் பற்றித்தான் இரண்டும்.

சுவரில் தொங்குகிற அந்த வசனத்துக்கு வருகிறேன். நானும் ஓய்வுநாள் பள்ளியில் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தவள்தான். ‘பூரண சற்குணர்’ என்ற இரண்டு சொற்கள் நம் தமிழ்க் கிறிஸ்தவர்களை எவ்வளவு பயமுறுத்தியிருக்கின்றன என்பதை என்னிடம் வருகிறவர்களிடம் பார்த்திருக்கிறேன். ஒரு கறையும் இருக்கக் கூடாது, ஒரு திக்கல்கூட இருக்கக் கூடாது என்பது போலக் காதில் விழுகிறது. மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல் ‘தெலெயோஸ்’. அது போய்ச் சேரவேண்டிய இடத்தை அடைந்தது, முதிர்ந்தது, முழுதானது என்ற பொருள்களைத் தரும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே வசனத்தில் ‘நிறைவுள்ளவர்’ என்று போட்டிருக்கிறார்கள். நிறைவு என்று கேட்டாலே மனம் கொஞ்சம் மூச்சு விடுகிறது, இல்லையா?

சொல்லை விடுங்கள், அந்த வசனம் எங்கே வருகிறது என்று பாருங்கள். மத்தேயு 5-இல், சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற பேச்சின் முடிவில் வருகிறது. தீயோர் மேலும் நல்லோர் மேலும் ஒரே சூரியனை உதிக்கப்பண்ணுகிற, ஒரே மழையைப் பெய்யப்பண்ணுகிற பிதாவைப் போல இருங்கள் என்பதுதான் அங்கே விஷயம். ஆள் பார்த்து அன்பை அளந்து கொடுக்காமல் முழுதாகக் கொடுப்பது. லூக்கா இதே போதனையை எழுதும்போது, ‘உங்கள் பிதா இரக்கமுள்ளவராயிருக்கிறதுபோல’ என்றே எழுதிவிட்டார். பேச்சு சுத்தமாக இருக்கிறதா என்பது அந்தப் பக்கத்திலேயே இல்லை. கொன்னவாய் என்று கூப்பிட்டவர்கள் யார் மேலாவது உங்களுக்கு இன்று கோபம் ஆறியிருக்கிறது என்றால், சுவரில் இருக்கிற வசனம் அந்த அளவுக்கு உங்களிடம் நிறைவேறியிருக்கிறது. சட்டத்தைக் கழற்ற வேண்டாம். பக்கத்தில் லூக்கா 6:36-ஐ எழுதி ஒட்டுங்கள்.

நம் சபைகளில் நல்ல விசுவாசிக்கு ஓர் அச்சு வைத்திருக்கிறோம். கணீரென்று ஜெபிக்க வேண்டும், கண்ணீரோடு சாட்சி சொல்ல வேண்டும், கேட்டவுடன் எழுந்து வசனம் ஒப்பிக்க வேண்டும். இந்த அச்சைச் செய்தது நாம்தான். சாமுவேலின் தாய் அன்னாளுக்கு ஆலயத்தில் உதடுகள் மட்டும்தான் அசைந்தன, சத்தம் வரவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஊழியக்காரர் தவறாகக் கணித்தது அன்றும் நடந்திருக்கிறது. ஜெபம் போய்ச் சேர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில், இன்று சுவிட்சர்லாந்தில் இருக்கிற செயின்ட் கால் மடத்தில் நோட்கர் என்ற துறவி இருந்தார். ‘பால்புலஸ்’ என்றே பெயர் ஒட்டிக்கொண்டது, திக்குவாயன் என்று அர்த்தம். திருச்சபை பாடுவதற்காக அவர் எழுதிய ஆராதனைப் பாடல்கள் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடப்பட்டன. பாடகர் குழுவில் பத்து வருடம் நிற்கிற உங்களுக்கு இவர் சொந்தக்காரர் மாதிரி.

சரி, இப்போது கஷ்டமான விஷயம். நீங்கள் கட்டிக்கொள்ளப் போகிறவர்.

அவரிடம் சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால், கோவிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கத் தொடங்குவதற்கும் முன்னால். இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. திக்குவாய் ஒரு குற்றம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. வெட்கம் என்று நீங்கள் எழுதிய பொய்யைக் காப்பாற்றுவதற்கு வாழ்நாள் முழுக்க ஒரே வீட்டில் டீ குடிக்க வேண்டியிருக்கும், அதற்காகச் சொல்கிறேன். அவருக்கும் தான் யாரைக் கல்யாணம் செய்கிறோம் என்று தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. முதலில் எழுத்திலேயே சொல்லுங்கள், எழுத்து உங்களுக்கு நன்றாக வருகிறது. ‘எனக்குச் சின்ன வயதிலிருந்து திக்குவாய் உண்டு. வெட்கம் என்று சொன்னது உண்மை இல்லை, பயத்தில் சொன்னேன். இன்று ராத்திரி போன் பண்ணுங்கள், நான் பேசுகிறபடியே பேசுகிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.’ இவ்வளவு போதும். போனில் திக்குங்கள். அவர் வார்த்தையை முடித்துக் கொடுக்க வந்தால், வேண்டாம், நானே சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

அவர் பின்வாங்கினால்? வலிக்கும். வீட்டில் பெரிய பேச்சாகும். அதைச் சின்னதாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதுகிற பக்கங்களை வாசித்து, இவள் நேரிலும் இப்படிப் பேச மாட்டாளா என்று ஏங்கிக் கேட்ட மனிதர் அவர். அந்தக் கேள்வியில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அம்மாவிடம் கோபப்படாதீர்கள். சிவப்பு மையில் கோடு போட்டவர்கள் இருபத்து மூன்று வருடமாகத் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். இது அவர்களால் வரவில்லை என்று நான் மேலே எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். அந்த வாக்குத்தத்தத்தை அவர்கள் பிடித்துக்கொண்டே இருக்கட்டும், நீங்களும் சுகத்துக்காக ஜெபிக்கலாம், அதில் ஒன்றும் தப்பில்லை. ஜெபத்தின் பதிலுக்காக வாயைப் பூட்டி வைப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். அப்பாவிடமும் ஒரு நாள் பேசுங்கள். அன்று அவர் தலையைக் குனிந்தது உங்களைப் பற்றிய வெட்கத்தால் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். மகளை அந்த இடத்திலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகத் தைரியம் வரவில்லையே என்ற வேதனையாகவும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்.

உடன்படிக்கைக்கு வருவோம். உங்கள் சபை ஐயரை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். ‘ஐயா, எனக்குத் திக்குவாய். வார்த்தைகளை நான் சொல்லும்போது நீங்களும் மெதுவான குரலில் என்னோடு சேர்ந்து சொல்வீர்களா?’ என்று கேளுங்கள். விசுவாசப்பிரமாணத்தில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும், இரண்டு குரல் சேர்ந்தால் உங்கள் நாக்குக்கு வழி கிடைக்கும். முறைமை மாறாது, வார்த்தையும் மாறாது, வாக்குக் கொடுப்பது நீங்கள்தான். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லலாம். முந்தின வாரம் யாரும் இல்லாத கோவிலில், அதே இடத்தில் நின்று, ஐயரோடும் மாப்பிள்ளையோடும் ஒரு முறை சொல்லிப் பார்க்கலாம்.

அப்படியும் அன்று நின்றுவிட்டால் நிற்கட்டும். வேறு வார்த்தைக்குத் தாவாதீர்கள், மூச்சைப் பிடித்து முட்டாதீர்கள். இறுக்கத்தைத் தளர்த்தி, ‘க-க-க’ என்று லேசாக வரவிட்டு மேலே போங்கள். சார்லஸ் வான் ரைப்பர் என்ற பேச்சு சிகிச்சை நிபுணர், அவரும் திக்குவாய்க்காரர், தன் வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்: திக்காமல் பேசப் போராடாதே, சுலபமாகத் திக்கக் கற்றுக்கொள். வேண்டுமென்றே திக்கிப் பார்ப்பதும் அவருடைய முறையில் ஒரு பயிற்சி. கேட்கும்போது விநோதமாக இருக்கும். நாமே விரும்பிச் செய்கிற ஒன்றைப் பார்த்து நமக்கே பயப்படுவது கடினம், அதனால்தான் அது வேலை செய்கிறது.

ஒரு பேச்சு சிகிச்சையாளரையும் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் விசாரித்தால் வழி சொல்வார்கள். மைசூரில் இதற்கென்றே அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இருக்கிறது. ஜனவரிக்குள் திக்கல் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். பத்தே நாளில் சுகமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்கிற இடம் எதுவானாலும் படியேற வேண்டாம். ராத்திரி தூக்கம் வராமல், உயிரோடு இருந்து என்ன என்கிற மாதிரி எண்ணம் எப்போதாவது வந்தால், கல்யாண வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் உடனே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் கேட்காமல் இருக்க எனக்கு முடியவில்லை.

இதையெல்லாம் ஒரே நாளில் தொடங்க முடியாது. நாளைக்குச் செய்யவேண்டியதை மட்டும் சொல்கிறேன். அலுவலகம் விட்டு வரும்போது, வழக்கமாக டீ குடிக்கிற கடையில் நின்று காபி கேளுங்கள். ‘க’வில் எத்தனை நேரம் நின்றாலும் டீக்கு மாறாதீர்கள். கடைக்காரர் காத்திருப்பார். அதைக் குடித்து முடித்த பிறகு மாப்பிள்ளைக்கு அந்த வாட்ஸப் செய்தியை எழுதுங்கள்.

கல்யாணம் முடிந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள். கடிதத்தின் அடியில் இந்த முறை உங்கள் பெயரை எழுதுங்கள். பத்திரிகையில் போட மாட்டேன், நான் தெரிந்துகொள்வதற்கு மட்டும்.

அன்புடன்,
அக்கா